மாற்றார் மறைந்தபோது

1972-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் இறுதி வாரம். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. என் ஊர் ஆலங்குளம். இப்பெயர் தாங்கிய ஊர்கள் தமிழ்நாட்டில் வேறு சிலவும் உண்டு. நான் குறிப்பது இராசபாளையத்தை அடுத்துள்ள, அரசாங்கச் சிமென்ட் ஆலை அமைந்த ஆலங்குளம். அந்நாளில் ஊர்ப் பொதுவிடத்தில் பஞ்சாயத்து வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. காட்டு வேலை முடித்து வந்தவர்கள் மாலைச் செய்தி கேட்க அங்கே கூடுவார்கள். இராஜாஜி மறைந்தார் என்னும் செய்தியை நான் அந்தப் பெட்டியின் வாயிலாகவே கேட்டேன்.

இரண்டொரு நாள் கழித்து, அதே இடத்தில் என் தந்தையார் நாளேட்டை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். இராஜாஜியின் இறுதிச் சடங்கிற்குப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்தார், சுடுகாட்டில் கண்ணீர் விட்டு அழுதார் என்பது செய்தி. கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் குறுக்கிட்டார். "ஏனப்பா, நாற்பது வருடத்திற்கு மேல் அவரை ஏசியவர் ஆயிற்றே இவர். அன்று ஏசியது பொய்யா, இன்று அழுவது பொய்யா?" என்று கேட்டார். என் தந்தையார் சற்றே நாளேட்டைத் தாழ்த்திக்கொண்டு, "இரண்டும் மெய்யாய் இருக்கக் கூடாதா, மாமா?" என்றார். முதியவர் விடை சொல்லவில்லை. பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிட்டது.

அந்த வினாவும் விடையும் என்னை விட்டு அகலவில்லை. பின்னாளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியனாகவும், தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய காலமெல்லாம், ஒரு தலைவர் மறைந்தால் அவருடைய நண்பர்கள் சொல்வதை விட, அவரோடு மாறுபட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையே நான் கூர்ந்து கவனித்து வந்தேன். நண்பர் புகழ்வது இயல்பு. மாற்றார் என்ன சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார், எங்கே நிறுத்துகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதில் வரலாறு பொதிந்திருக்கிறது. மாணவ நண்பர்களே, இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது அதுவே.

இது புதிய பொருள் அன்று. சங்க இலக்கியத்திலேயே இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. வெண்ணி என்னும் இடத்தில் கரிகால் வளவனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் போர் நிகழ்ந்தது. சோழன் வென்றான். சேரனின் மார்பில் பாய்ந்த படை முதுகையும் ஊடுருவியது. முதுகில் புண்பட்டதற்கு நாணிய சேரன் வடக்கிருந்து உயிர் துறந்தான். அப்போது வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் சோழனைப் பாடினார். அப்பாட்டு புறநானூற்றில் அறுபத்தாறாவது செய்யுளாக உள்ளது. சோழனுடைய முன்னோரின் பெருமையையும் அவனுடைய வெற்றியையும் எடுத்துரைத்த புலவர், இறுதியில், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று வென்ற மன்னனின் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறார்.

இதில் இரண்டைக் கவனியுங்கள். சோழன் வென்றான் என்பதைப் புலவர் மறைக்கவில்லை. சேரன் தோற்றான் என்பதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தவாறே ஒப்புக்கொண்டு, அதன்பின் மாற்றானுக்குரிய சிறப்பை அளிக்கிறார். மாற்றார் மறைவில் பேசுவோர் கைக்கொள்ளத்தக்க நெறி இதுவே என்பது என் கருத்து. இதைக் கைக்கொண்டவர் யார், வழுவியவர் யார் என்பதை அண்மைக் காலத்து வரலாற்றில் சிறிது காண்போம்.

1948-ஆம் ஆண்டு இந்தியத் துணைக்கண்டத்தில் இரு பெருந்தலைவர்கள் மறைந்தார்கள். ஜனவரி 30-ஆம் நாள் தில்லியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 11-ஆம் நாள் கராச்சியில் முகம்மது அலி ஜின்னா காலமானார். முப்பது ஆண்டுகளாக எதிரெதிர் நின்ற இருவர். ஆகவே, ஒருவர் மறைவுக்கு மற்றவர் தரப்பு என்ன கூறிற்று என்பதை நாம் அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது.

காந்தியடிகள் மறைந்த அன்று ஜின்னா இரங்கற் செய்தி விடுத்தார். கொலையைக் கண்டித்தார். நம்மிடையே அரசியல் வேற்றுமைகள் எவையாயினும், என்று தொடங்கி, இந்து சமுதாயம் ஈன்ற மாபெரும் மனிதர்களுள் அவர் ஒருவர் என்று கூறினார். மரணத்தின் முன் வாதத்துக்கு இடமில்லை என்பதும் அச்செய்தியின் கருத்து. நயமான சொற்களே. ஆயினும் 'இந்து சமுதாயம் ஈன்ற' என்னும் அடையைக் கவனியுங்கள். மாபெரும் மனிதர் என்று புகழ்ந்த அதே மூச்சில் அப்புகழுக்கு ஒரு வேலி கட்டப்படுகிறது. காந்தியடிகள் இந்தியர் அனைவருக்கும் தலைவர் என்பதை ஜின்னா வாழ்நாளில் ஏற்றவர் அல்லர். அந்த வழக்கை அவர் இரங்கற் செய்தியிலும் விட்டுக்கொடுக்கவில்லை. இரு நாட்டுக் கொள்கை முழுவதும் அந்த ஓர் அடைமொழிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இதனால் அச்செய்தி போலியானது என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லப்போனால், தம் கொள்கையைத் துறக்காமல் துயரம் தெரிவித்தார் என்றும் அதனைக் கொள்ளலாம். நான் சொல்ல வருவது, இரங்கற் செய்தியில் புகழ்ச்சிச் சொல்லை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. அப்புகழ்ச்சிக்கு இடப்பட்ட எல்லையையும் பார்க்கவேண்டும் என்பதே.

எட்டுத் திங்கள் கழித்து ஜின்னா மறைந்தபோது, பேசும் கடமை நேருவுக்கு வந்தது. அது எத்தகைய நேரம் என்பதை எண்ணிப் பாருங்கள். பிரிவினையால் வீடிழந்த இலட்சக்கணக்கான அகதிகள் இன்னும் முகாம்களில் இருந்தார்கள். ஜின்னா மறைந்த இரண்டாம் நாள், செப்டம்பர் 13-இல், இந்தியப் படை ஐதராபாத் அரசுக்குள் நுழைந்தது. வானளாவப் புகழ்ந்தால் அகதிகளின் நெஞ்சு புண்படும். இகழ்ந்தால் எல்லைக்கு இருபுறமும் தீ மூளும். நேருவின் பேச்சு ஒரு வினாவுடன் அமைந்தது. அவரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? கடந்த ஆண்டுகளில் தாம் அவர்மீது பன்முறை சினங்கொண்டதுண்டு. இப்போது கசப்பு இல்லை, நடந்தவை அனைத்தையும் எண்ணிப் பெருந்துயரமே உள்ளது என்றார். ஜின்னா தாம் நாடியதை அடைந்தார். ஆனால் எத்துணை விலை கொடுத்து, தாம் எண்ணியதினின்றும் எத்துணை வேறுபட்ட வடிவில் அடைந்தார் என்பது அவர் கூறியதன் சாரம்.

'சினங்கொண்டேன்' என்று ஒப்புக்கொண்ட அந்தச் சொல்தான் 'துயரம்' என்ற சொல்லை நம்பத்தக்கதாக்குகிறது. கோபம் இருந்ததை மறைத்திருந்தால், துயரமும் மரபுக்காகச் சொன்னதாகவே தோன்றியிருக்கும். வெண்ணிக் குயத்தியாரின் நெறி இங்கே தொடர்வதைக் காணலாம்.

1948-இல் தமிழகத்திலும் கவனிக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று நடந்தது. காந்தியடிகளின் தலைமையில் காங்கிரசில் உழைத்து, 1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரசை விட்டு விலகியவர் பெரியார். அதன்பின் காந்தியடிகளின் சமுதாயக் கருத்துகளைக் கடுமையாக எதிர்த்தவர். 1947 ஆகஸ்டு 15-ஐத் துக்க நாள் என்று அறிவித்தவர். ஆறே திங்களில் காந்தியடிகள் கொல்லப்பட்டார். கொலையாளி பிராமணர் என்னும் செய்தி பரவியதும் மராட்டியப் பகுதிகளில் பிராமணர் வீடுகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. பிராமண எதிர்ப்பு இயக்கம் வலுவாக இருந்த தமிழகத்தில் என்ன நேருமோ என்று அஞ்சுவதற்குக் காரணம் இருந்தது.

அந்நாளில் பெரியார் திருச்சி வானொலியில் பேசினார். திருச்சி நிலையம் 1939-இல் தொடங்கப்பெற்றது. நாட்டில் அப்போது நிலையங்கள் மிகச் சிலவே. அத்தகைய ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து அவர் மக்களை அமைதி காக்குமாறு வேண்டினார். பின்னர், இந்த நாட்டுக்குக் 'காந்தி தேசம்' என்று பெயரிடலாம் என்றும் எழுதினார். மராட்டியத்தில் எழுந்தது போன்ற பெருங்கலவரம் தமிழகத்தில் எழவில்லை. ஒருவர் பேச்சு மட்டுமே அதற்குக் காரணம் என்று வரலாற்று மாணவன் சொல்லமாட்டான். ஆயினும், சினத்தைத் தூண்டக்கூடிய நிலையில் இருந்த ஒருவர் அன்று அதைத் தணிக்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பது உண்மை. இரங்கற் சொல் என்பது வெறும் மரபு அன்று. சில நாள்களில் அது உயிர்களையும் வீடுகளையும் காக்கும் பொறுப்பு உடையது. பெரியார் அதற்காகத் தம் கொள்கையை மாற்றிக்கொண்டுவிடவில்லை. பிற்காலத்திலும் காந்தியடிகளைக் கடுமையாகவே விமரிசித்தார்.

இனி, முதலில் சொன்ன நிகழ்ச்சிக்குத் திரும்புவோம். இராஜாஜி 1878 டிசம்பரில் பிறந்தவர். பெரியார் 1879 செப்டம்பரில் பிறந்தவர். ஒருவர் சேலம் நகராட்சித் தலைவராகவும் மற்றவர் ஈரோடு நகராட்சித் தலைவராகவும் இருந்த காலத்தில் நட்புப் பூண்டார்கள். பெரியாரைக் காங்கிரசுக்கு ஈர்த்தவர்களுள் இராஜாஜி முதன்மையானவர். 1925-க்குப் பின் இருவர் வழியும் பிரிந்தது. 1937-இல் சென்னை மாகாண முதலமைச்சரான இராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அதை எதிர்த்த பெரியாரை அவருடைய அரசே 1938-இல் சிறைக்கு அனுப்பியது. 1953-இல் இராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு புதிய திட்டத்தைப் புகுத்தினார். மாணவர் நாளில் ஒரு பகுதி பள்ளியில் பயின்று, எஞ்சிய பொழுதில் வீட்டுத் தொழிலைக் கற்கவேண்டும் என்பது திட்டம். 'குலக்கல்வி' என்று பெயரிட்டு அதனை எதிர்த்தவர்களின் முன்னணியில் பெரியார் நின்றார். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார், எங்கள் விருதுநகர் தந்த காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. 1967 தேர்தலிலும் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள்.

ஆனால் இதன் அடியில் வேறொரு நீரோட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. 1949-இல் தம் திருமணம் பற்றிப் பெரியார் கலந்து பேசியது, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த இராஜாஜியிடம்தான். திருவண்ணாமலையில் நடந்த அச்சந்திப்பு அரசியல் உலகைத் திகைக்கவைத்தது. என்ன பேசினீர்கள் என்று பலர் கேட்டும் இராஜாஜி வெளியிடவில்லை. மாற்றார் தம்மை நம்பிச் சொன்னதை அரசியல் ஆதாயத்துக்குப் பயன்படுத்தலாகாது என்னும் பண்பு அவரிடம் இருந்தது.

1972 டிசம்பர் 25-ஆம் நாள் சென்னையில் இராஜாஜி மறைந்தார். தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சென்று, சிதையருகே குழந்தைபோல் அழுதார். இத்தகைய நேரத்தில் அரசியல்வாதிகள் சொற்களைத் தேடுவார்கள். அச்சிட்ட அறிக்கையைத் திருத்துவார்கள். அழுகையைத் திருத்தி எழுத இயலாது. இந்தித் திணிப்பும் கல்வித் திட்டமும் தவறு என்ற தம் கருத்தைப் பெரியார் அன்று திரும்பப் பெறவில்லை. இராஜாஜியின் சமயப் பற்றைத் தாம் ஏற்றதாகவும் கூறவில்லை. வேற்றுமை இருந்த இடத்திலேயே இருந்தது. துயரமும் அதன் பக்கத்தில் இருந்தது. என் தந்தையார் "இரண்டும் மெய்யாய் இருக்கக் கூடாதா" என்று கேட்டதன் பொருள் இதுவே.

இராஜாஜி மறைந்து ஓர் ஆண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில், 1973 டிசம்பர் 24-ஆம் நாள், பெரியார் வேலூரில் மறைந்தார். அவருடைய உடல் மக்கள் வணங்க வைக்கப்பட்ட இடம், சென்னையில் இராஜாஜியின் பெயர் தாங்கிய மண்டபம். அரசுப் பதவி எதுவும் வகியாதவருக்கு அரசு மரியாதை அளிப்பது முறையா என்ற ஐயம் எழுந்தபோது, காந்தியடிகள் எந்தப் பதவியில் இருந்தார் என்று தாம் கேட்டதாக முதலமைச்சர் கருணாநிதி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வாழ்வில் ஒருவரையொருவர் மறுத்தவர்களின் பெயர்கள் மறைவில் ஒன்றையொன்று துணைக்கு அழைத்துக்கொள்வது வரலாற்றின் விந்தை.

தலைவரின் மறைவு, அவரை எதிர்த்தோருக்கும் ஓர் உரிமைப் போட்டியாக மாறுவதும் உண்டு. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் காமராசர் மறைந்தபோது எனக்கு வயது பதினைந்து. எங்கள் வட்டாரத்தில் அடுப்பு எரியாத வீடுகளை அன்று கண்டேன். அது நெருக்கடி நிலைக் காலம். காமராசர் 1969-இல் காங்கிரசு பிளவுபட்டபோது இந்திரா காந்திக்கு எதிரணியில் நின்றவர். நெருக்கடி நிலையை ஏற்காதவர். எனினும் இந்திரா காந்தி சென்னைக்கு வந்து இறுதி மரியாதை செலுத்தினார். தி.மு.க. அரசு, கிண்டியில் காந்தி மண்டபத்தின் அருகே இடம் அளித்து அரசு மரியாதை செய்தது. மறு ஆண்டு மத்திய அரசு பாரத ரத்னா விருது வழங்கியது. வாழ்ந்தபோது எதிர்த்தோர் அனைவரும் மறைந்தபின் அவரைத் தம்மவர் என்றனர். அன்பும் இருந்திருக்கலாம், அவர் விட்டுச்சென்ற தொண்டர்கள் எப்பக்கம் சாய்வார்கள் என்னும் கணக்கும் இருந்திருக்கலாம். ஒருவர் இறந்தபின் எத்தனை பேர் அவருக்கு உறவு கொண்டாடுகிறார்கள் என்பதை வைத்து அவருடைய செல்வாக்கை அளக்கலாம்; கொண்டாடுவோரின் அன்பை அதனால் அளக்க முடியாது.

பிற நாடுகளில் இது எவ்வாறு உள்ளது? இங்கிலாந்தில் 1940 நவம்பர் 9-ஆம் நாள் நெவில் சேம்பர்லின் மறைந்தார். 1938-இல் மியூனிக்கில் இட்லரோடு உடன்பாடு செய்துகொண்டு, சமாதானத்தைக் காத்துவிட்டதாக நம்பியவர். அந்த உடன்பாட்டை நாடாளுமன்றத்தில் மிகக் கடுமையாகத் தாக்கியவர் சர்ச்சில். சேம்பர்லின் மறைந்தபோது சர்ச்சிலே தலைமை அமைச்சர். இலண்டன்மீது செருமானியக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. நான் சொன்னதே சரியாயிற்று என்று கூற அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. நவம்பர் 12-ஆம் நாள் அவர் பேசிய உரையில் ஒரு கருத்து என் உள்ளத்தில் பதிந்திருக்கிறது. மறைந்தவருக்கு மரியாதை செலுத்தும்போது, வரலாறாகிவிட்ட செய்திகளைப் பற்றி முன்பு கொண்ட கருத்தை எவரும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கல்லறை வாயிலில் நின்று நம் செயல்களையும் தீர்ப்புகளையும் நாமே ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்றார் அவர். பின்னர், சேம்பர்லினின் நம்பிக்கைகள் பொய்த்தன என்பதையும், அந்நம்பிக்கைகள் அமைதியை நாடிய உயர்ந்த உள்ளத்தினின்றும் எழுந்தவை என்பதையும் ஒருங்கே சொன்னார்.

நம் காலத்துக்கு வருவோம். 2016 நவம்பர் 25-ஆம் நாள் கியூபாவின் பிடல் காஸ்ட்ரோ மறைந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர். கல்வியும் மருத்துவமும் தந்த புரட்சியாளர் என்று ஒரு சாரார் போற்றினர். மாற்றுக் கருத்தினரைச் சிறையிட்ட சர்வாதிகாரி என்று நாட்டை விட்டு ஓடியவர்கள் தூற்றினர். அந்த ஒரே மறைவுக்கு எத்தனை விதமான வாசகங்கள்! அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா, கியூபாவுடன் தூதுறவை அதற்கு முந்தைய ஆண்டில்தான் மீட்டிருந்தார். அவர் புகழவும் இல்லை, இகழவும் இல்லை; இத்தனி மனிதரின் தாக்கத்தை வரலாறு பதிந்து தீர்ப்பளிக்கும் என்று பொறுப்பை வரலாற்றிடம் ஒப்படைத்தார். அடுத்துப் பதவியேற்கவிருந்த டிரம்ப், தம் மக்களை ஒடுக்கிய கொடிய சர்வாதிகாரி என்றார். கனடாப் பிரதமர் ஜஸ்டின் டுரூடோ, பல்லாண்டுகள் மக்களுக்குத் தொண்டாற்றிய பெருந்தலைவர் என்று புகழ்ந்தார். அவருடைய தந்தையார் காஸ்ட்ரோவின் நண்பர் என்பதும், 2000-ஆம் ஆண்டில் அத்தந்தையாரின் இறுதிச் சடங்குக்குக் காஸ்ட்ரோ நேரில் வந்திருந்தார் என்பதும் உண்மை. ஆயினும் அப்புகழுரையில் சிறைப்பட்டோரைப் பற்றிய சொல் இல்லையே என்று உலகெங்கும் கண்டனம் எழுந்தது. பின்னர்ச் செய்தியாளர்கள் காஸ்ட்ரோ சர்வாதிகாரியா என்று கேட்டபோது, டுரூடோ ஆம் என்று விடையளிக்க நேர்ந்தது. முதலிலேயே இரண்டையும் சொல்லியிருந்தால் பின்னர் ஒன்றைத் தனியே சொல்லவேண்டி வந்திராது.

அடுத்த பத்தாம் நாள், டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, நம் மாநிலத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். கால் நூற்றாண்டாக அவரோடு அரசியலில் மோதிய கருணாநிதியும் அந்நாள்களில் உடல் நலமின்றி மருத்துவமனையில் இருந்தார். அவர் விடுத்த அறிக்கை, கட்சிகளைப் பொறுத்துக் கருத்து வேறுபாடுகள் இருந்தாலும் என்று தொடங்கி, தம் கட்சியின் நலனுக்காகத் துணிச்சலுடன் செயல்பட்டவர் என்பதில் எவருக்கும் இரு கருத்து இருக்கமுடியாது என்று சென்று, இளவயதிலேயே மறைந்துவிட்டார் என்று வருந்தி, அவர் புகழ் நிலைக்கும் என்று முடிந்தது. 'தம் கட்சியின் நலனுக்காக' என்னும் அந்த அடையைப் படித்தபோது, 1948-இல் ஜின்னா கட்டிய வேலியே எனக்கு நினைவில் வந்தது. துணிவைப் புகழ்ந்தார், அத்துணிவு எதற்காகப் பயன்பட்டது என்பதற்கு எல்லை வைத்தார். சொல்லில் வல்லவர் ஒருவர் சொல்லை நிறுத்துப் போட்ட இடம் அது. அத்தனை ஆண்டுப் பூசலுக்குப் பின் அதற்கு மேல் புகழ்ந்திருந்தால் எவரும் நம்பியிரார். அதனினும் குறைத்திருந்தால் பண்பாக இராது.

மாணவர்களே, இலக்கணம் கற்ற உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி. 'அவர் பெரியவர், ஆயினும் எமக்கு மாறுபட்டவர்' என்பது ஒரு தொடர். 'அவர் எமக்கு மாறுபட்டவர். ஆயினும் பெரியவர்' என்பது மற்றொரு தொடர். சொற்கள் ஏறக்குறைய அவையே. ஆனால் தமிழில் தொடரின் இறுதியில் நிற்பதே கேட்பவர் நெஞ்சில் தங்கும். முதல் தொடர் மாறுபாட்டை விட்டுச் செல்கிறது. இரண்டாவது பெருமையை விட்டுச் செல்கிறது. ஆகவே ஓர் இரங்கலுரையைப் படிக்கும்போது, 'ஆயினும்' என்ற சொல் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். புகழுக்கு எந்த அடைமொழி வேலியாக நிற்கிறது என்று அடுத்துப் பாருங்கள். மறைந்தவரால் துன்புற்றோரும் கேட்டுக்கொண்டிருப்பார்களே, அவர்களுக்கு அவ்வுரையில் ஓர் இடம் உண்டா என்று மூன்றாவதாகப் பாருங்கள். இரங்கலுரை மறைந்தவரைப் பற்றிய முழுச் சான்று ஆகாது. பேசியவரைப் பற்றியும் பேசிய நாளைப் பற்றியும் அது நல்ல சான்று.

இவ்வளவும் கற்பித்த நானே இதில் ஒருமுறை தவறினேன். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், விளையாட்டிடத்தின் எல்லையைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவரோடு எங்களுக்கு வழக்கு இருந்தது. ஒன்பது ஆண்டுகள் அவர் எங்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார். என்னை ஊர் நடுவில் வைத்துக் கடிந்து பேசியதும் உண்டு. ஆனால் ஒரு மழைக்காலத்தில் பள்ளியின் ஓட்டுக் கூரை சரிந்தபோது, தம் பருத்திக் கிட்டங்கியை ஒழித்துக் கொடுத்து, மூன்று திங்கள் இரண்டு வகுப்புகள் அங்கே நடக்க இடம் தந்தவரும் அவரே. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தந்தார்.

அவர் மறைந்த மறுநாள் பள்ளியில் இரங்கற் கூட்டம் நடத்தினேன். கொடைவள்ளல் என்றேன், கல்விக் காவலர் என்றேன், பள்ளியின் நெடுநாள் நண்பர் என்றேன். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்வது அநாகரிகம் என்று எண்ணினேன். 'நெடுநாள் நண்பர்' என்றபோது பின்வரிசையில் சில மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் பார்க்காதவன்போல் இருந்துவிட்டேன். கூட்டம் முடிந்தபின் அவருடைய மகள் என் அறைக்கு வந்தார். "சார், அப்பா உங்களோடு ஒன்பது வருடம் வழக்காடியது இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அதை நீங்கள் சொல்லியிருக்கலாம். அதை மறைத்ததால், கிட்டங்கியைத் திறந்துவிட்டாரே, அதையும் பிள்ளைகள் நம்பாமல் போனார்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு விடை தெரியவில்லை. மன்னிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

மறுவாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மீண்டும் அவரைப் பற்றிப் பேசினேன். வழக்கைச் சொன்னேன், அவர் என்னைக் கடிந்ததைச் சொன்னேன், எல்லை பற்றிய அவருடைய வாதம் தவறு என்றே இன்னும் நினைக்கிறேன் என்பதையும் சொன்னேன். அதன்பின், மழைநாளில் அவர் தாமே சாவியுடன் வந்து கிட்டங்கியின் கதவைத் திறந்ததைச் சொன்னேன். அந்த முறை எவரும் சிரிக்கவில்லை.

உங்களுள் சிலர் நாளைத் தலைவர்கள் ஆவீர்கள். பலர் ஏதேனும் ஒரு கூட்டத்தில், உங்களோடு மாறுபட்ட ஒருவரின் படத்துக்கு முன் நின்று பேச நேரிடும். அப்போது புகழ்ச்சிச் சொற்கள் வரிசையாக நாவில் வந்து நிற்கும். அவற்றைச் சிறிது நிறுத்திவைத்து, அவரோடு உங்களுக்கு இருந்த வேற்றுமையை ஒரு தொடரில் நேர்மையாகச் சொல்லுங்கள்; பின்னர், அவரிடம் நீங்கள் கண்ட நன்மையை, நடந்த நிகழ்ச்சியோடு சொல்லுங்கள். அதன்பின் அமர்ந்துவிடலாம்.

எங்கள் ஊரில் அந்த முதியவரும் இன்று இல்லை. என் தந்தையாரும் இல்லை. அவர்கள் இருவரும் கட்சியால் வேறுபட்டவர்கள். முதியவர் முதலில் மறைந்தார். அவரைத் தூக்கிச் சென்ற நால்வருள் என் தந்தையாரும் ஒருவர். திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்தவர், "கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை, மனுசன்" என்றார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.